பங்காளியும் பங்குதாரரும்

வலை பின்னும் நைலான் நூல் எங்கள் கரைக்கு வந்த புதிதில், அதை விற்க ஒரு கடை போடலாம் என்று நானும் என் சிநேகிதியும் முடிவு செய்தோம். நான் கடலூர் பக்கத்து மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். அவள் சிதம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஊராரின் கூட்டு வியாபாரப் பத்திரங்களை அடித்து அடித்தே அவளுக்குச் சட்டம் மனப்பாடம்.

“பதிவு பண்ணாத கூட்டுக்குக் கோர்ட்டுல வாயே கெடையாது. மொதல்ல பத்திரம், பொறவு கடை” என்றாள்.

விஷயம் தெரிந்ததும் என் கணவரின் அண்ணன் வந்து நின்றார்.

“பொம்பளைங்க பேர்ல எதுக்கும்மா? என் பேரப் போடு. கடைய நீயே பாத்துக்க.”

“நானே பாத்துக்கறதுன்னா என் பேரே இருக்கட்டும் மாமா” என்றேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

கடலூரில் பத்திரம் எழுதுபவரிடம் போனோம். அவர் எழுதி நீட்டியதைப் படித்த சிநேகிதியின் முகம் மாறியது. மூன்றாவது பங்குதாரராக மாமாவின் பெயர் இருந்தது. முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“குடும்பம்னா அனுசரிச்சுப் போவணும்மா” என்றார் எழுதுபவர்.

அவர் கண்ணெதிரிலேயே அதை நான்காகக் கிழித்தேன். வேறு முத்திரைத்தாள் வாங்கி, சிநேகிதியே டைப் அடித்தாள். யாருக்கு என்ன வேலை, லாபநஷ்டம் எப்படி, ஒருத்தி விலகினால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருந்தது. சண்டை வந்தால் என்ன செய்வது என்ற ஒரு வரிக்காக நாங்களே அரைநாள் சண்டை போட்டோம்.

பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா அதைப் படிக்கவேயில்லை. “வூட்டுக்காரர் கையெழுத்து எங்க?”

“அவுரு இதுல பங்குதாரர் இல்லீங்க” என்றேன்.

“அவரு சம்மதம் வேணும்மா.”

“எந்தச் சட்டத்துல இருக்குது சார்? அத எழுதிக் குடுங்க, போறோம்” என்றாள் சிநேகிதி.

அவர் எழுதவில்லை. நாங்களும் போகவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். மறுநாளும் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் அதிகாரியே உள்ளே கூப்பிட்டுத் தாள்களைப் புரட்டினார். “இதுல என்ன கொறை கண்டீங்க?” என்று குமாஸ்தாவைக் கேட்டார். பதிவு ஆயிற்று.

சிதம்பரத்தில் கடை திறந்த மறுமாசம், மாமா நாலு பேரோடு வந்து சாவியைக் கேட்டார். “இது குடும்ப வியாபாரம். நானும் பங்காளி.”

பதிவுச் சான்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். “பங்காளியெல்லாம் வூட்டுல மாமா. இங்க பங்குதாரர் ரெண்டே பேரு. கேஸு போடறதுன்னா போடுங்க.”

கூட வந்தவர்களில் ஒருவர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். மாமா கடைக்குள் நின்ற தன் தம்பியைப் பார்த்தார். என் கணவர் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே, “அது அவ கடைண்ணே” என்றார்.

அதற்குப் பிறகு மாமா பல வருஷம் எங்களோடு பேசவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட அழைப்பில்லை. வருத்தம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் வலைக்கு நூல் எங்கள் கடையிலிருந்துதான் போயிற்று. ஊருக்கெல்லாம் என்ன விலையோ, அதே விலைக்குத்தான் கொடுத்தோம்.