வெட்டி எறிந்த பிளாங்க்

1. பதிவு

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாகச் செய்தது, கல்லூரி லேபில் சிலிக்கோன் தொண்டை வார்க்கும் வேலை. சி.டி. ஸ்கேனைப் பார்த்து மூக்கிலிருந்து குரல்வளை வரை அச்சு எடுப்போம். பம்ப் வைத்துக் காற்றை இழுத்தால் மாடல் குறட்டை விடும். தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோயைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்பது எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி.

அதற்கு ஸ்கேன் கொடுத்தவர்களில் ஒருவர் திரேஸ்புரம் அந்தோணி. சங்கு குளிப்பவர். இப்போது எல்லாரும் காற்றுக் குழாயோடு கடலில் இறங்குகிறார்கள். இவர் வெறும் மூச்சை அடக்கி இறங்கியே பேர் வாங்கியவர். வீட்டில் குறட்டையைப் பதிவு செய்த ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்க அவர் மனைவி மரியபுஷ்பம் வந்தார்.

“அண்ணாச்சி, நடுவுல நடுவுல அவியளுக்குச் சத்தமே நின்னு போவுது. பயமா இருக்கு. உலுக்கி எழுப்புதேன்.”

“சங்கு குளிக்குத ஆளுல்லா! தூக்கத்துலயும் மூச்சடக்கிப் பாக்காரு. பயப்படாதிய.”

சிரித்துக்கொண்டே போனார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிறகு ஃபைலை எடிட் செய்தேன். நமக்கு வேண்டியது சத்தம்தானே என்று இடையில் சத்தமில்லாமல் கிடந்த பிளாங்க் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். அதைக் கேட்ட, அந்தோணியைப் பார்க்கும் டாக்டர், “வெறும் குறட்டைதான், மெதுவா வரச் சொல்லுங்க” என்றார்.

2. மாடல்

அந்தோணியின் மாடலை முதன்முதலாக ஓட்டினோம். குறட்டை ஜோராக வந்து, திடீரென்று நின்றது. மைக் வயர் கழன்றுவிட்டது என்று திட்டிக்கொண்டே குனிந்தேன். வயர் சரியாகத்தான் இருந்தது. பம்ப் இழுத்துக்கொண்டே இருந்தது. சிலிக்கோன் நாக்கு தொண்டையின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு காற்றை விடவில்லை.

மனுஷன் மூச்சை அடக்கவில்லை. மூச்சு அடைத்திருக்கிறது.

ஒரிஜினல் ஃபைலைத் திறந்து, நான் வெட்டிய இடங்களைக் கேட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மரியபுஷ்பம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நேத்து ராத்திரி ரொம்ப நேரம் சத்தமே இல்ல அண்ணாச்சி. மூச்சடக்கிப் பாக்காவன்னு நீங்க சொன்னியள்லா, அதான் எழுப்பல.”

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சத்தம் இல்லாத இடத்தை வெட்டாதீர்கள். ஒருவர் பயந்துபோய்க் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவ்வளவு நீளமான என் வாய்க்கு அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.