வாவி நடுவே ஒரு அரோகரா

நான் ஒரு மடையன். பிறர் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை. எட்டு வயதில், நோயாளியை ஏற்றிப்போன படகைத் திருவிழாப் படகாக்கிக் காட்டியவன் மட்டக்களப்பு வாவியிலேயே நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர் வாவிக்குள் ஒரு சின்னத் தீவு. ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் ஊருக்குப் பொதுவான எஞ்சின் படகில்தான் போகவேண்டும். முன்னால் ஒருவர் துடுப்பில் துணியைக் கட்டி, அசைக்காமல் நிமிர்த்திப் பிடிப்பார். அதைக் கண்டதும் மீன்பிடிக்கிறவர்கள் வழியில் கிடக்கும் வலையை இழுத்துக்கொள்வார்கள். அதே துணியை ஆட்டினால், அது மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போகிற படகு. வலை கிடந்தபடி கிடக்கும். படகுதான் சுற்றிப் போகவேண்டும்.

அன்று காலை, வயிற்றில் பிள்ளையோடிருந்த அம்மாவுக்கு, மாதம் நிறையும் முன்னமே, இரத்தம் போகத் தொடங்கியது. அப்பா கட்டாரில் வேலைக்கு. மாமா எஞ்சினைப் பிடித்தார். பக்கத்து வீட்டு மாமி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டா. துடுப்பு என் கைக்கு வந்தது.

"ஆட்டாமப் புடி மனே," என்றார் மாமா.

பிடித்தேன், கொஞ்ச நேரம். திருவிழாக் காலம் வேறு. தூரத்தில் தோணியில் நின்ற நரைத்த தலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தாரோ இல்லையோ, எனக்குள் ஊர்வலத்தில் கையசைக்கிற ஒரு மந்திரி புகுந்துவிட்டார். துணியை ஆட்டினேன். அவரும் கையைத் தூக்கி "அரோகரா!" என்றார். நானும் தொண்டை கிழிய "அரோகரா!" பின்னால் மாமா போட்ட சத்தம் எனக்குக் கைதட்டல் மாதிரி இருந்தது.

எஞ்சின் முக்கியது, நின்றது. தண்ணீருக்குள் சுழலும் அதன் விசிறியில் அந்த மனிதரின் வலை சுற்றிக் கிடந்தது.

"உங்கட கூத்துக்கு என்ட வலையா கா கிடைச்ச?" நெஞ்சளவு தண்ணீரில் ஏசிக்கொண்டே வந்தவர், படகுக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாவின் சேலையைப் பார்த்தார். ஏச்சு நின்றது. இடுப்புக் கத்தியை எடுத்து, புது வலையை அறுக்கத் தொடங்கினார்.

அக்கரையில் அம்புலன்ஸ் காத்து நின்றது. பின்னேரம் தங்கச்சி பிறந்தாள், ஒரு கைக்குள் அடங்குகிற அளவில். அம்மாவும் பிழைத்தா. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று, நான் மீசை முளைத்த பிறகுதான் மாமி சொன்னா. அன்று எனக்கு விளங்கியதெல்லாம் இவ்வளவுதான்: அம்மா களைத்துப்போய்ப் படுத்திருக்கிறா, ஒரு மனிதர் நல்ல வலையை வீணாக்குகிறார்.

ஆகவே, அவர் அறுத்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து அவருக்குப் புத்தி சொன்னேன்.

"சிக்க மெல்ல மெல்ல அவுட்டா வலை பழுதாகாது, பெரியப்பா."

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"போய் அம்மாட கையப் புடிச்சிட்டு இரு."