மிஸி என்னைக் கேட்டார், இவர் பதில் சொன்னார்

இன்று காலை கோலசிலாங்கூர் கிளினிக்கில் எனக்கு எட்டாம் மாதச் செக்கப். மூத்தவள் ஆப்பரேஷனில் பிறந்தவள். இந்தத் தடவை எப்படி என்று பேச வரச் சொல்லியிருந்தார்கள்.

"போன தடவ எத்தன மணி நேரம் வலி இருந்துச்சும்மா?" என்று நர்ஸ் மிஸி கேட்டார்.

"பதினாலு மணி நேரம் மிஸி. தாங்கிட்டோம்" என்றார் என் கணவர்.

மிஸி பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எத்தன தையல் போட்டாங்க சார்?"

பின்னால் காத்திருந்த அக்காமார்கள் சிரித்துவிட்டார்கள்.

மிஸி என் பக்கம் திரும்பினார். "அப்ப மனசு எப்படிம்மா இருந்துச்சு?"

மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை. "பிள்ள நல்லாருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்க முடியாமல் பாத்ரூமில் உட்கார்ந்து அழுததை இன்றுதான் சொன்னேன். இவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நார்மலாக முயன்று பார்க்க ஆசை என்றேன். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரியில முயற்சி பண்ணலாம். தேவைப்பட்டா ஆப்பரேஷன்."

அதற்கும் சரி என்றேன். இந்தத் தடவை என்னிடம் கேட்டார்கள், அது போதும்.

காரில் இவர் மெதுவாகக் கேட்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"இப்ப கேக்கறேன் லா."

எங்கள் ஊர் செகிஞ்சான் வரும்வரை சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் போன். ஆப்பரேஷனுக்கு நல்ல நாள் பார்த்துவிட்டாராம்.

"அவகிட்டயே கேளுங்கம்மா" என்று போனை என் கையில் திணித்துவிட்டு இவர் தோட்டத்துக்கு ஓடிவிட்டார்.

அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமியாரிடம் என்ன சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், மூன்று நிமிஷம் போய்விட்டது.