பள்ளத்து வீட்டு ஜோசஃபின்

கண் விழித்ததும் ஜோசஃபின் முதலில் போவது கக்கூஸுக்கு. பீங்கானின் வாயை அடைத்திருக்கும் மணல் மூட்டையைக் காலால் அழுத்தி, அடியில் கொடகொடவென்று சத்தம் கேட்கிறதா என்று குனிந்து கவனிக்கிறாள். கேட்கவில்லையென்றால் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்டுவிட்டால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஏறுவாள். ஏறத்தான் வேண்டும். அவள் வாசல் தெருவைவிட இடுப்பளவு தாழ்வு.

"மேல யாரும் கொஞ்ச நேரம் தண்ணி ஊத்தாதீங்கப்பா. என் வீட்ல ஏறுது."

ஒன்றிரண்டு மாடி ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும். எங்கோ ஒரு வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

அடுகோடிக்குப் பின்னால், ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் பெரிய மோரியை நோக்கிச் சரிந்து இறங்கும் குறுக்குத் தெருவில் கடைசி வீடு அவளுடையது. சேலைக்கு ஃபால் தைப்பது தொழில். குண்டூசிகளை உதட்டோரம் கவ்வியபடியே ஊர்க்கதை பேசுவாள். நூலை மட்டும் பல்லால் கடிக்க மாட்டாள். பிறத்தியார் சேலையில் எச்சில் படக்கூடாது. சேலையை மடித்துக் கொடுக்குமுன் ஒருமுறை மோந்து பார்ப்பாள். அப்புறம் தன் கையையும் மோந்து பார்ப்பாள். பிழிந்த எலுமிச்சைத் தோலை எறிவதில்லை, விரல்களில் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் வந்ததே அவளால்தான். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு மலக்குழி, அதற்குப் பக்கத்திலேயே குடிக்கிற கிணறு. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் தெரு முழுக்கக் காமாலை. அவள் புருஷன் சின்னப்பா, லாரி மெக்கானிக், கண் மஞ்சளாகிப் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. அடக்கம் முடிந்த கையோடு ஜோசஃபின் எதிர்வீட்டுக் காந்தாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏற ஆரம்பித்தாள். சித்ரான்னம் கட்டிக்கொண்டு போய், வராந்தா பெஞ்சில் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். வருஷக்கணக்காக அலைந்தார்கள்.

கடைசியில் ஒரு என்ஜினியர் வந்தார். தெருவின் சரிவைப் பார்த்துவிட்டு, ஜோசஃபின் வீட்டை ஒட்டிப் போனால்தான் குழாய் கீழே போய்ச் சேரும், சமையலறைச் சுவரை இடிக்கவேண்டி வரும் என்றார். சின்னப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையால் எழுப்பிய சுவர் அது. தெருவே அவள் முகத்தைப் பார்த்தது.

"இடிச்சுக்கோங்க. மனுசனே போயிட்டாரு, செவுரு எதுக்கு?" என்றாள். அன்றைக்குக் காந்தா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குழாய் வந்தபின் தெருவுக்கே யோகம். மலக்குழிகளை மூடிவிட்டு அதன்மேல் அறை எழுப்பினார்கள். காந்தா மாடிமேல் மாடி கட்டினாள். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வேனில் போகிறவர்கள் குடிவந்தார்கள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். குழாய் மட்டும் அதே குழாய். தார்மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, ஜோசஃபின் வீடு பள்ளமாகிக்கொண்டே போனது. குழாய் நிரம்பினால் அத்தனை வீட்டுக் கழிவுக்கும் அவள் வீடுதான் வாய்.

போன தீபாவளிக்கு முன்பு நூல் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினாள். அறைக்குள் சாக்கடை கணுக்கால் அளவு நின்றது. பாயில் விரித்து வைத்திருந்தது ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. அந்தப் பெண்ணின் அம்மா வந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. மூக்கை மூடிக்கொண்டு, சேலையைத் தொடாமலே திரும்பிப் போனாள். அதற்கப்புறம் தைக்க வரும் சேலைகள் அருகிப்போயின.

பெரிய குழாய் கேட்டு மறுபடி ஆபீஸுக்குப் போகலாம் என்று காந்தாவைக் கூப்பிட்டாள். காந்தா காபி கொடுத்து உட்காரவைத்தாள். ஆபீஸ்காரர்கள் வந்தால் மாடிக்கெல்லாம் அனுமதி எங்கே என்று கேட்பார்களே என்றாள். அப்புறம், "உன் வீடு பள்ளத்துல இருக்கு. அதுக்கு யார் என்ன பண்றது? சொல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோ, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ ஜோசஃபின்" என்றாள்.

பாதிக் காபியோடு இறங்கி வந்தவள் தனியாகவே போய்ப் பார்த்தாள். தெருவில் வேறு யாரும் குறை சொல்லவில்லையே, ஒரு வீட்டுக்காக ரோட்டை வெட்டமுடியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது யாராவது விசாரித்தால் ஜோசஃபின் சிரிக்கிறாள். "மோரி கொண்டாந்தேன், மோரி கொண்டாந்தேன்னு பீத்திக்கினு இருந்தேன். மெய்தான். என் அடுப்படிக்கே கொண்டாந்துட்டேன்."

போன மாதம் அந்தத் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் வந்தது. ஷாமியானா போட்டுக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. இந்தத் தெருவுக்காக முதலில் அலைந்தது ஜோசஃபின்தான் என்று சொல்லி, காந்தாவே அவள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜோசஃபின் குழாயைத் திருகினாள். முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் தெளிவாக, தடித்து விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இனி ஒவ்வொரு மாடியிலும் இது நாள் முழுக்க ஓடும்.

கைதட்டல் ஓய்வதற்குள் ஜோசஃபின் குழாயை இறுக மூடினாள். குடத்தை நீட்டிய காந்தா, திற, திற என்று சொல்லியும் அவள் கையை எடுக்கவில்லை.