பொலிவியாவுக்கு ரெண்டு கொடி

கொடி தைப்பது சுலபம் என்று சொல்பவர்களை, ஒரு நட்சத்திரத்தின் ஐந்து முனையும் கோணாமல் தைக்கச் சொல்ல வேண்டும். தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

தப்பாக எழுதிய பட்டியல்

தாராவியில் எங்கள் பட்டறைக்கு மாட்டுங்கா கல்லூரிப் பேராசிரியை ஒருவர் ஆர்டர் கொடுத்தார். மாணவர்கள் நடத்தும் மாதிரி ஐ.நா. சபைக்கு இருபது நாட்டுக் கொடிகள். பட்டியலில் பொலிவியா இரண்டு முறை இருந்தது. கை தவறிவிட்டது என்று ஒன்றை அடித்துவிட்டேன்.

"தெரிஞ்சுதாம்மா எழுதினேன்" என்றார் மேடம். அந்த நாடு தனக்குள் பல தேசங்கள் இருப்பதாகச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறதாம். சிவப்பு, மஞ்சள், பச்சை மூவர்ணக் கொடியோடு பூர்வகுடிகளின் 'விபாலா' கொடியும் அங்கே தேசியக் கொடி. அவர்களுடைய முப்பத்தாறு மொழிகளும் ஆட்சிமொழிகள்.

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் டெய்லர் இசக்கி அண்ணன் மெஷினை நிறுத்தினார். "நம்ம சந்துல நாலு பாசைதான். குழாயில தண்ணி வந்தா சண்டை போடுததுக்கு அதுவே தாராளம்!"

நாற்பத்தொன்பது கட்டம்

விபாலாவில் ஏழு நிறம், நாற்பத்தொன்பது கட்டம். வெள்ளைக் கட்டங்கள் மூலைக்கு மூலை சரிவாக இறங்க வேண்டும். அண்ணன் இரண்டு நாள் தைத்தார். கொடுக்க வேண்டிய அன்று காலையில் படத்தோடு வைத்துப் பார்த்தால், சரிவு எதிர்ப்பக்கம் இறங்குகிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் கொடியைப் புரட்டிப் போட்டார். இரண்டு பக்கமும் தையலை மடித்து அடித்திருந்ததால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. சரிவும் சரியாக இருந்தது. கம்பு நுழைக்கும் பட்டையை மட்டும் பிரித்து அடுத்த ஓரத்தில் வைத்துத் தைத்தார்.

"நாடு சரியாத்தாம்மா இருக்கு. கம்புதான் இடம் மாறிட்டு."

டீ மேஜைக்குப் பின்னால்

கொடிகளைக் கொடுக்க நானே போனேன். மண்டபத்து ஆள் விபாலாவை அலங்காரத் துணி என்று நினைத்து டீ மேஜைக்குப் பின்னால் கட்டிவிட்டார். பொலிவியாவுக்காகப் பேச வேண்டிய மாணவி மனிஷா, மும்பைக்கு வடக்கே பால்கரைச் சேர்ந்த வார்லி ஆதிவாசிப் பெண். "அது மேடைக்கு வராமல் நான் பேச மாட்டேன்" என்று நின்றுவிட்டாள். அவளே அவிழ்த்து வந்து, பொலிவியாவின் மூவர்ணத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் நட்டாள். பிறகுதான் பேசினாள். என்ன கைதட்டல்!

கிளம்பும்போது ஓடி வந்து, சொந்தச் சித்தியைப் போல என் கையைப் பிடித்தாள். "எங்களுக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்க மௌசி. ஆனா கட்டம் வேண்டாம், எங்க சுவர் ஓவியத்துல வட்டம்தான் அதிகம்!"

நேர்த்தையலோடு நம் பிழைப்பு முடிய வேண்டுமென்றால் உலகத்தில் மனிதர்கள் இத்தனை விதமாக இருந்திருக்கக் கூடாது. இருக்கிறார்களே, தைத்துத்தானே ஆக வேண்டும்.