கடலுக்குப் பின்னால் மலை

பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். பரீட்சைக்காக நான் சித்திரம் படித்தது வெள்ளவத்தையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்த டியூஷனில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில். எங்கள் வீடு நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில். பள்ளிக்கூட நேரசூசியிலும் சித்திரம் இருக்கத்தான் செய்தது. பரீட்சை கிட்டுகிறது என்று அந்தப் பாடவேளைகளையெல்லாம் கணித ஆசிரியை எடுத்துக்கொண்டார். ஒரு பெற்றோரும் வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இளைப்பாறுவதற்கும் மற்றப் பிள்ளைகள் ஒளிந்துகொள்வதற்கும் உள்ள பாடம் அது என்று எங்கள் ஆட்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.

எனக்கோ அதில் வெறி. அடுத்த பரீட்சையான ஏ.எல்.லுக்கும் சித்திரம் எடுக்கவேண்டும், பிறகு பல்கலைக்கழகத்திலும் அதையே படிக்கவேண்டும். அப்பா ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டில் கிளார்க். அவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது.

"முதல் சித்திரத்துக்கு ஏ எடு. எடுத்தியெண்டால் நான் மறிக்கமாட்டன். இல்லாட்டி கொமர்ஸ். பிறகு நிண்டு அழக்கூடாது."

ஓம் என்றேன். ஏ எடுப்பது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அவ்வளவு திமிர்.

பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நான் கதைப்புத்தகம் போல வாசித்தவள். கோடு, வடிவம், நிறம், ஒளியும் நிழலும், தூரமும் கிட்டமும். கிட்ட இருப்பது பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். தூரப் போகப் போகச் சிறுத்து நிறம் வெளிறும். இதைப் படித்த பிறகு வகுப்பு முடிந்து காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ்ஸுக்கு நிற்பதே வேறு அலுவலாகிவிட்டது. வெயில் நேரத்தில் வெள்ளை மதிலில் விழும் நிழல் கறுப்பு இல்லை, கத்தரிப்பூ நிறம் என்று கண்டுபிடித்த அன்றைக்கு நான் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

டியூஷன் ஆசிரியருக்கு, எங்கள் சேருக்கு, இந்தக் கண்டுபிடிப்புகள் ஒன்றும் தேவைப்படவில்லை. அவரிடம் ஒரு படம் இருந்தது. ஒரே ஒரு படம். முன்னால் மூன்று பேர்: ஒருவர் முகம் காட்டி, ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் முதுகு காட்டி. நடுவில் ஒரு தென்னையும் ஒரு குடிசையும். பின்னால் வரிசையாக மலைகள், அவற்றுக்கு மேலே சூரியன். தலைப்பு அறுவடை என்றால் அந்த மூவர் கையிலும் அரிவாள். சந்தை என்றால் கூடை. கோயில் திருவிழா என்றால் பூத்தட்டு, குடிசை இருந்த இடத்தில் கோபுரம். ஆட்களுக்கு 'ஸ்கின் கலர்' என்ற இளஞ்சிவப்பைப் பூசவேண்டும். அந்த மேல்மாடியில் அந்த நிறத்தில் ஒரு பிள்ளைகூட இருக்கவில்லை. கிழமைக்குக் கிழமை அதையே கீறிக் கீறி, கண்ணை மூடிக்கொண்டும் கீறலாம் என்ற நிலைக்கு வந்திருந்தோம்.

ஒருநாள் மூவர் கையிலும் வலையைக் கொடுத்து, குடிசையை வள்ளமாக்கி, மீன்பிடிக் காட்சி என்றார். மலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"சேர், கடலுக்குப் பின்னால மலை எப்பிடி வரும்?"

"சோதினை எழுதப்போறது நீரா, கடலா?" என்றார். வகுப்பே சிரித்தது. "பின்னணியை வெறுமையா விட்டால் மார்க்ஸ் போயிடும் பிள்ளை. மலையைப் போடும்."

அந்தக் கட்டடத்திலிருந்து இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். ஒருவராவது எட்டிப்பார்த்திருக்கலாம். ஆனால் வருஷாவருஷம் அவருடைய பிள்ளைகளுக்கு ஏ வந்தது. தாய்மார் அவரைக் கும்பிடாத குறை.

பரீட்சையில் வந்த தலைப்பு மீனவர் கரை. சந்தோஷத்தில் அதை இரண்டு தரம் வாசித்தேன். சனிக்கிழமைகளில் அப்பா முகத்துவாரத்துக்கு மீன் வாங்கப் போகும்போது பை பிடிக்க என்னையும் கூட்டிப்போவார். களனி கங்கை வந்து விழும் இடம் அது. மழை பெய்தால் அந்தக் கடல் பால் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும். அதை அப்படியே தீட்டினேன். முன்னால் ஒரு வள்ளம், தாளின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு. நடுவில் குனிந்து நின்று மீனின் செவுளை விரலால் விரித்துப் பார்க்கும் ஒரு மனிதர், அது அப்பா. தூரத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். அவற்றுக்கு அப்பால் வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் டியூஷனில் என்னோடு படித்த தோழி ஓடிவந்தாள்.

"மலை போட்டனியே?"

"இல்லை."

"உனக்கு விசரே? சேர் எத்தினை தரம் சொன்னவர்!"

பெறுபேறு வந்தது. அவளுக்குச் சித்திரம் ஏ. எனக்கு சி. அவள் அந்த ஏயை வைத்துக்கொண்டு என்ன செய்தாள்? கொமர்ஸ் படித்தாள். முதலிலிருந்தே அவளுக்கு அதுதான் முடிவு. ஏன் சி என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கீறிய படம் திரும்பி வருவதுமில்லை. என்னுடைய படத்தில் வேறு பிழைகள் இருந்திருக்கலாம் என்று நியாயமாக யோசிக்கத்தான் வேண்டும். எனக்கு நியாயமாக யோசிக்க விருப்பமில்லை. இன்றைக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன், நல்ல வேலை என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். சேரின் வகுப்பு இன்னும் நடக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பிலும் அந்தப் படத்தை அனுப்புகிறாராம்.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து, சேர்ட்டைக் கழற்றிக் கொழுவும்வரை காத்திருந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்கள் கடலுக்குப் பின்னால் மலை போட்டதையும் நான் போடாததையும்.

"நான் முகத்துவாரத்தைக் கீறினனான் அப்பா. உள்ளதை உள்ளபடி. நீங்கள் மீன் பார்க்கிறதையும் கீறினனான்."

அவர் பேப்பரை எடுத்து, விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். மனம் இளகுகிறார் என்று நினைத்தேன்.

"மலையைப் போடச் சொன்னால் போட்டிட்டு வாறதுக்கு உனக்குக் கை நோகுதே?" என்றார். "உள்ளதைக் கீறச் சொல்லி ஆர் உன்னைக் கேட்டது?"

தன்னை எப்படிக் கீறினேன் என்றாவது கேட்பார் என்று அந்த இடத்திலேயே நின்றேன். அவர் குசினிப் பக்கம் திரும்பி, கொமர்ஸுக்கு எந்த டியூஷன் நல்லது என்று அம்மாவைக் கேட்டார்.