துடைத்த என்ஜின்

சின்னாளபட்டி விலக்கைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் இடது கையில் அந்தத் துணி இருப்பதைப் பார்த்தேன். மண்ணெண்ணெயில் முக்கி என்ஜின் துடைத்த பழைய வேட்டித் துணி. திண்டுக்கல் கார் பட்டறையை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை மேஸ்திரியின் முகத்தில் எறிந்துவிட்டு வந்ததாகத்தான் அதுவரை மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். எறியவில்லை. கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். புளியமரத்தடியில் அதை வீசிவிட்டு, கொடைரோட்டைப் பார்த்து மேலும் நடந்தேன். கொடைரோட்டை அடுத்துத்தான் திராட்சைத் தோட்டத்துக்காரரின் வீடு. அவரிடம் போய், உங்கள் டிரைவர் திருடவில்லை என்று சொல்ல வேண்டும். காலையில் சொல்லியிருக்க வேண்டியதை இனியாவது சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தாறு வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆயக்குடியில் கொய்யா பறித்தேன், ஒட்டன்சத்திரத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகச் சுற்றி வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இந்தப் பட்டறையில் எட்டு மாதம் ஆகியிருந்தது.

டிரைவர் அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்துக்காரரின் அம்பாசிடரை ஓட்டியவர். தோட்டத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் பல் துலக்கியதும் தானே பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்ப்பார். அந்த மாதம் கம்பியில் ஆயில் இறங்கிக்கொண்டே வந்தது. ஊற்றினால் மறுவாரம் மறுபடி இறங்கியது. டிரைவர் இறக்கி விற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். டிரைவர் அண்ணன் அன்று காலை வண்டியைத் தானே பட்டறைக்கு ஓட்டி வந்ததே அந்தப் பேச்சைத் துடைத்துக்கொள்ளத்தான். "பிளக்கைச் சுத்தி ஆயில் நிக்குது. உள்ள இருந்து ஏறுதா, மேல இருந்து எறங்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மொதலாளி பத்து மணிக்கு வருவாக" என்றார்.

கேள்வி சரியான கேள்வி. என்ஜினில் பொறி போடும் பிளக்கின் உள்முனை ஆயிலில் நனைந்து கருத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். முனை காய்ந்திருந்து வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் மேலே இருந்து ஒழுகுகிறது. நான்கு பிளக்கையும் நான்தான் கழற்றினேன். முனைகள் செங்கல் நிறத்தில் காய்ந்து கிடந்தன. வெள்ளைப் பீங்கானும் அது உட்காரும் குழியும்தான் நனைந்திருந்தன. என்ஜினுக்குத் தலைமூடி மாதிரி ஒரு தகர மூடி உண்டு, டாப்பட் கவர் என்போம். அதன் விளிம்பிலிருந்து பிளக் வரைக்கும் ஈரத் தடம், நத்தை போன வழி மாதிரி, தெளிவாக இறங்கியிருந்தது. போன மாதம் அந்த மூடியைத் திறந்து வேலை பார்த்து மூடியவர் எங்கள் மேஸ்திரி. ஆயில் கசியாமல் அடைக்கும் புது கார்க் பேக்கிங்கை உள்ளே வைக்காமல், இறுகிப்போன பழையதையே பசை தடவி ஒட்டினார். பக்கத்தில் நின்று பசை டப்பாவை நீட்டியவன் நான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "மொதல்ல வண்டியத் தொடை" என்றார். சொந்தக்காரர் வருவதற்கு முன்னால் என்ஜினைத் துடைத்துப் பளிச்சென்று வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். துடைத்தேன். பழக்கத்தில் கை துடைத்துவிட்டது என்று பல வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை தானாகத் துடைக்குமா?

தோட்டத்துக்காரர் வந்தார். பிளக்குகள் காய்ந்திருப்பதை மேஸ்திரி காட்டினார், ரிங் நன்றாக இருக்கிறது என்றார். அதுவரைக்கும் உண்மை. பிறகு துடைத்த என்ஜினைக் காட்டி, "உள்ளயும் குடிக்கல, வெளியயும் ஒழுகல. நீங்களே கண்ணால பாருங்க. ஆயிலு எங்க போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்த வாக்கியம் காதில் விழுந்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

டிரைவர் அண்ணன் பதறவில்லை. வண்டிக்குள் போய், முன்பக்கம் வைத்திருந்த பழனித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துவந்தார். எனக்கு உடனே விளங்கியது. துடைத்த இரும்பின்மேல் வெள்ளைப் பொடியைத் தூவி வண்டியை ஓட்டினால், கசியும் இடத்தில் பொடி நனைந்து கோடு காட்டிக்கொடுக்கும். லாரிக்காரர்கள் சுண்ணாம்புப் பொடியில் செய்வார்கள். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் தோட்டத்துக்காரர், "ஓ, சத்தியம் பண்ணப் போறியா? பண்ணுலே. துன்னூறைத் தொட்டு, எடுக்கலைன்னு சொல்லு, விட்டுர்றேன்" என்றார்.

"சத்தியத்துக்கு எடுக்கல மொதலாளி. இதைத் தூவி கொடைரோடு வரைக்கும் ஓட்டிட்டு வந்து பாப்பம்னுதான் எடுத்தேன்."

"சாமி துன்னூறை என்ஜின்ல கொட்டுவாங்களா? சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன். பன்னெண்டு வருசம் வண்டி ஓட்டுனவன்கிட்ட சத்தியமா கேக்குறீக? என்ஜினைப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

திருடாதவன் எதற்குச் சத்தியத்துக்கு அஞ்ச வேண்டும் என்று மேஸ்திரி எடுத்துக்கொடுத்தார். அதோடு தீர்ந்தது. டிரைவர் அண்ணன் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பானட்டை இறக்கி, சாவியை அதன்மேல் வைத்தார். போகும்போது என்னைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றியவன் நான் என்று அவருக்குத் தெரியும். நான் மண்ணெண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. மேஸ்திரியைக் கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் பீடியைப் பற்றவைத்தபடி, "பந்தி எந்திரிச்ச பெறகு எலை போடுறியா அப்பு?" என்று கேட்டார். அந்த ஆள் அந்தப் பட்டறையில் சொன்ன ஒரே நியாயமான வார்த்தை அது. அதற்காகவே அவர்மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதன் பிறகு டிரைவர் அண்ணனுக்கு யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. ஆயில் திருடன் என்ற பேர் கார் ஸ்டாண்டு முழுக்கப் போயிருந்தது. அந்த வயதில் லாரியில் கிளீனராக ஏறிப் போனார் என்று நாலைந்து மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

நடந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று இரவு கொடைரோடு ஸ்டேஷனில் படுத்தேன். விடிந்ததும் தோட்டத்துக்காரர் வீட்டுக்கு முன்னால் போய் நின்றேன். பானட் திறந்திருந்தது. கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மூன்றடி தூரத்தில் நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பட்டறையிலிருந்து வருகிறேன், வண்டி விஷயமாக ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தேன்.

"டிரைவர் கேட்டிருந்தேனே, மேஸ்திரி அனுப்புனாரா? லைசென்ஸு இருக்கா?" என்றார்.

பசி என்று சொல்லலாம். பசி எனக்குப் புதிதில்லை. வேறு கேள்வி கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ. "இருக்குங்க" என்றேன். அன்று காலையே அவரை மதுரைக்கு ஓட்டிப் போனேன். அவர் ஒரு வீட்டுக்குள் சாப்பிடப் போன நேரத்தில் புது கார்க் பேக்கிங் வாங்கிவந்து, மூடியைத் திறந்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு மாற்றினேன். நியாயத்துக்காகச் செய்யவில்லை. ஆயில் குறைந்தால் அடுத்த திருடன் நான்.

எட்டாம் நாள் காலை கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா? அந்தத் திருட்டுப்பய போன பெறகு ஒரு சொட்டு எறங்கல" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.